காலையில் சாப்பிட்டானா?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செபமாலை முடிந்து நான் கோவிலை விட்டு வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் காத்திருந்தார். அவருடைய மகள் உளவியலில் எம்.ஏ. முடித்திருக்கிறாள், நல்ல மதிப்பெண். அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியல் பயிற்சிக்கு, இரண்டாண்டுப் படிப்புக்கு, இடமும் கிடைத்திருக்கிறது. இனிப்போடு வந்து சொல்லவேண்டிய செய்தி. அந்தத் தாயோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சுவாமி, அவள் அப்பா மூன்று நாளாய் யாரோடும் பேசவில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வான் என்கிறார். பேசாமல் பி.எட். சேரச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள்."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை அந்தத் தாய்க்குத் தாழ்வாரத்தில் நின்றபடியே முழுவதும் விளக்க இயலவில்லை. வீட்டின் அடையாளம் தெரியாதபடி எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்திருக்கிறார். இதே கலக்கம் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் கடற்கரைப் பங்கு ஒன்றில் இருந்தேன். அங்கே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். தந்தை கட்டுமரத் தொழிலாளி. தாய் தலைச்சுமையாக மீன் விற்பவர். ஞானோபதேச வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். விசுவாசப் பிரமாணம் சொல்லென்றால் விழிப்பான். சொன்ன சில சொற்களும் குழறும். பள்ளியிலோ, "நாக்குத் தடித்தவன், மந்தம்" என்று எழுதி வைத்துவிட்டார்கள். மன்றாட்டுகள் மனப்பாடமாகட்டும் என்று அவனுடைய புதுநன்மையை நான் ஓராண்டு தள்ளிப்போட்டேன். அடுத்த ஆண்டும் தள்ளிப்போட்டேன். தாய் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஏழைகள் குருவானவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

பிள்ளைக்கு அறிவு வளர்ச்சிக் குறைவு என்று சான்றிதழ் வாங்கினால் அடையாள அட்டை கிடைக்கும், உதவித்தொகைக்கு வழி உண்டு, சிறப்புப் பள்ளியிலும் சேர்க்கலாம் என்று தலைமையாசிரியை யோசனை கூறினார். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே நானே அவர்களை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். காலை நாலரை மணிப் பேருந்து. போய்ச் சேர்ந்து, சீட்டு வாங்கி, புளிய மரத்தடியில் வரிசையில் காத்திருந்து, மருத்துவரைக் கண்டபோது மணி பத்தரை. அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, நுண்ணறிவுச் சோதனை செய்து வரும்படி எழுதி, அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்.

அங்கே வெள்ளை மேலங்கி அணிந்த இளம்பெண் ஒருத்தி எங்களை அழைத்தாள். தான் பயிற்சி மாணவி என்றும், தன் வேலையை மூத்தவர் ஒருவர் பார்த்துச் சரிசெய்வார் என்றும், சம்மதமா என்றும் முதலிலேயே தாயிடம் கேட்டாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு சிறுவனை எதிரே அமர்த்திக் கேள்விகளைத் தொடங்கினாள். பினே–காமத் சோதனை என்பது அதன் பெயர் எனப் பின்னர் அறிந்தேன். ஆல்பிரட் பினே என்ற பிரெஞ்சுக்காரர், பாரீஸ் நகரப் பள்ளிகளில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக 1905 ஆம் ஆண்டில் தம் நண்பர் சீமோனுடன் சேர்ந்து அமைத்த சோதனையின் வழிவந்தது. காமத் என்பார் அதை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார். அதில் பெரும்பகுதி வாயால் கேட்டு வாயால் விடைபெறும் கேள்விகள். பையன் சிலவற்றுக்கு மௌனமாக இருந்தான். சிலவற்றுக்குத் தொடர்பில்லாத விடை கூறினான். தாய் வெளியே கதவோரம் நின்று கண்ணீர் வடித்தார்.

அடுத்து, ஒரு மரப்பலகையை எடுத்து வைத்தாள். வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து வடிவங்களில் பள்ளங்கள். அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகள். செகுவின் பலகை என்பர். பையன் கை நீட்டியதும் தெரியவில்லை, துண்டுகள் உள்ளே விழுந்ததும் தெரியவில்லை. மூன்று முறையும் அப்படியே. அவள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். எல்லாம் கூட்டி, ஓர் எண்ணை எழுதிக் கட்டமிட்டு, மூத்தவரிடம் எடுத்துச் சென்றாள். சான்றிதழ் கைக்கு வந்தால் இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மூத்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி தாளை வாங்கினார். கட்டமிட்ட எண்ணை அவர் பார்க்கவேயில்லை.

"பையன் காலையில் சாப்பிட்டானா?" என்றார்.

மாணவி விழித்தாள்.

"எத்தனை மணிக்கு ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள்?"

அதற்கும் விடையில்லை.

"பலகையை இவ்வளவு விரைவாக அடுக்குகிறவன் கேள்விக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று உனக்குத் தோன்றவில்லையா? சரி, நீ கேள்வி கேட்டபோது அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்?"

அவள் சற்று யோசித்து, "என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், மேடம்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் மாறிவிட்டது.

அம்மையார் குரலை உயர்த்தவில்லை. "காதைப் பரிசோதிக்காமல் அறிவுக்கு மதிப்பெண் போடாதே. முதலில் அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுக்கச் சொல்" என்றார். மாணவி எண்ணை அழிப்பதற்குத் தாளைக் கையில் எடுத்தாள். "அழிக்காதே. குறுக்கே ஒரே ஒரு கோடு போடு. அடியில் இருப்பது தெரியவேண்டும். பக்கத்தில் காரணத்தை எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடு." அவள் கோடு போட்டாள். கை நடுங்கியது.

அந்தச் சிறுவனுக்கு இரு காதுகளிலும் கேட்கும் திறன் பெரிதும் குறைந்திருந்ததை, அடுத்த வாரம் செவித்திறன் சோதனை செய்தவர்கள் கண்டார்கள். சில மாதங்களில் கருவி கிடைத்தது. பேச்சுப் பயிற்சியும் தொடங்கிற்று. மறு ஆண்டு அவனுக்குச் செய்த நுண்ணறிவுச் சோதனையில் வயதுக்குரிய அறிவு இருப்பது தெளிவாயிற்று. அடையாள அட்டையும் கிடைத்தது. ஆனால் அதில் எழுதியிருந்தது வேறு. இப்போது அவன் பதினோராம் வகுப்பில் படிக்கிறான். இரண்டு ஆண்டு நான் தள்ளிவைத்த புதுநன்மையை அந்த மே மாதத்திலேயே கொடுத்தேன். பூசைக்கு முன் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் கருவியின் சிறு பொத்தானைத் திருகுவதிலேயே கருத்தாயிருந்தான். நான் சொன்னது கேட்டதோ இல்லையோ அறியேன்.

கட்டமிட்ட அந்த எண் அன்று அப்படியே முத்திரை பெற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் மகிழ்ச்சியோடு பேருந்து ஏறியிருப்பேன். உதவி செய்தோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கியும் இருப்பேன்.

அந்த மாணவி செய்துகொண்டிருந்ததுதான், நம் பங்குப் பெண் செய்யப்போகும் பயிற்சி.

பலருக்கு இதில் குழப்பம் உண்டு. மனநோய் மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். படித்து, பின் மனநோய்த் துறையில் மேற்படிப்புப் படித்து, மருந்து எழுதுபவர். பின்னவர் மருந்து எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிவது, அறிவையும் நினைவாற்றலையும் மனநிலையையும் சோதனைகளால் அளப்பது, பேச்சின் வழியாகவும் பழக்கங்களை மாற்றும் பயிற்சிகளின் வழியாகவும் குணப்படுத்துவது இவர் வேலை. இருவரும் ஒரு வண்டியின் இரு மாடுகள். கல்லூரியில் உளவியல் படித்துப் பட்டம் பெற்றுவிட்டால் இந்த வேலைக்குத் தகுதி வந்துவிடாது. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் எனப்படுபவர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், முழுநேர ஈராண்டுப் படிப்பையும் அதற்குள் மேற்பார்வையின் கீழ் நடக்கும் மருத்துவமனைப் பயிற்சியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த அம்மையார் இட்லி வாங்கிக் கொடுக்கச் சொன்னதும் இந்த மேற்பார்வையில் அடக்கம்.

இந்த வழக்கம் எங்கே தோன்றியது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்து என்னும் ஊரில், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியொன்று 1908 ஆம் ஆண்டிலேயே உளவியல் மாணவர்களைத் தங்கிப் பயில அழைத்ததாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து மனம் சிதைந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பியபோது, அவர்களைக் கவனிக்க மருத்துவர்கள் மட்டும் போதவில்லை. முன்னாள் வீரர்களுக்கான அரசு நிர்வாகம் 1946 இல் பல்கலைக்கழகங்களோடு கூடித் தன் மருத்துவமனைகளில் உளவியல் மாணவர்களுக்குச் சம்பளத்துடன் பயிற்சி அளிக்க முன்வந்தது. 1949 இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய அறிஞர்கள், ஆய்வும் சிகிச்சையும் இரண்டும் தெரிந்தவனே உளவியலாளன், நோயாளிகளிடையே முழு ஓராண்டு பயிலாதவனுக்குப் பட்டம் இல்லை என்று வகுத்தனர். வொர்செஸ்டர் அரசு மனநோய் மருத்துவமனையில் பல்லாண்டு மாணவர்களைப் பழக்கிய டேவிட் ஷாகோ என்பவரின் கருத்து அதில் பெரிதும் இடம்பெற்றது. பொதுமக்களின் மருத்துவமனையில்தான் இப்பயிற்சி வளர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் பெங்களூரில் 1954 இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. மறு ஆண்டே மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பு ஆரம்பமாயிற்று. 1974 முதல் அது நிம்ஹான்ஸ் என்ற பெயரில் விளங்குகிறது. நாளடைவில் இப்படிப்பு எம்.ஃபில் என்னும் பெயர் பெற்றுப் பல ஊர்களுக்கும் பரவியது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஆம் ஆண்டு விதிகளால் எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்தியபோது, இதற்கும் மனநல சமூகப்பணிப் படிப்புக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்கவோ மருளவோ வேண்டாம். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பு அந்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டுக்கு உண்டா என்பதை மட்டும் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மன்றத்தின் 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாமல் இத்தொழிலைச் செய்வோருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. மூன்று மாத அஞ்சல்வழி வகுப்பு முடித்து உளநல ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்வோர் பெருகிவிட்ட காலம் இது. குருக்களிலும் கன்னியரிலும் சிலர் அந்த ஆசைக்கு உட்பட்டிருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனி, எனக்கே நெடுநாள் உறுத்திய கேள்வி ஒன்றுக்கு வருகிறேன்.

பணம் உள்ளவன் தன் பிள்ளையை மாணவியிடம் காட்டமாட்டான். ஊரில் பேர்பெற்ற நிபுணரிடம் போய்விடுவான். நாலரை மணிப் பேருந்தில் வருகிறவன்தான் மாணவியின் மேசைக்கு முன் அமர்கிறான். அப்படியானால் ஏழையின் பிள்ளை மற்றவர் தொழில் பழகும் கட்டையா? அன்று பேருந்தில் திரும்பும்போது இந்த எண்ணம் என்னைக் குடைந்தது. அம்மையார் கவனிக்காமல் விட்டிருந்தால்? அவர் விடுப்பில் இருந்திருந்தால்?

இதற்கு எளிதான விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை. மேற்பார்வை இல்லாத இடத்தில் மாணவரை உட்கார்த்துவது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. மேற்பார்வை உள்ள இடத்திலோ நிலை வேறு. அன்று அந்தப் பிள்ளைக்காக இரண்டு பேர் சிந்தித்தார்கள். ஒருத்தி செய்தாள், மற்றவர் அவள் செய்ததை ஐயுற்றார். தனியார் நிபுணர் ஒருவரிடம் போயிருந்தால் ஒருவரே எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அவரை ஐயுற யாருமில்லை. மாணவி இருந்ததனாலேயே மூத்தவர் தாளைக் கேட்டு வாங்கினார் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

நாங்கள் குருமடத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பழகிய விதம் நினைவுக்கு வருகிறது. குருப்பட்டத்துக்கு முன் நீதிநெறிப் பேராசிரியர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே மண்டியிட்டு, ஒருநாள் பிடிவாதக்காரராகவும், மறுநாள் ஒன்றையே நூறுமுறை சொல்லிப் புலம்பும் பாட்டியாகவும் நடிப்பார். நாங்கள் உள்ளே அமர்ந்து திணறுவோம். சிரிப்பு வரும், சிரித்தால் கடிந்துகொள்வார். அந்தப் பழக்கம் பெரிதும் உதவிற்று. ஆனால் குருப்பட்டம் பெற்ற மறுநாள் முதல், நான் உள்ளே என்ன சொன்னேன் என்று கேட்பார் உலகில் ஒருவருமில்லை; கேட்கவும் கூடாது. அந்தத் திரை புனிதமானது. அதற்குப் பின்னால் நான் சொன்ன தவறான சொற்களைத் திருத்த எவராலும் இயலாமல் போனதும் உண்மை. இந்த மாணவர்களுக்கோ, நோயாளியின் இரகசியத்தை வெளியார் எவருக்கும் சொல்லாமல் காத்துக்கொண்டே, மூத்தவர் ஒருவரிடம் வாரந்தோறும் அமர்ந்து, நான் இப்படிக் கேட்டேன், அவர் இப்படி அழுதார், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. எனக்கு முப்பது வயதில் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம் என்று பலமுறை எண்ணியதுண்டு.

ஈராண்டில் அவர்கள் கற்பது சோதனைகளை மட்டுமன்று. காலையில் புறநோயாளர் பிரிவில் புதிதாக வருபவரின் கதையைக் கேட்டு எழுதவேண்டும். நோய் எப்போது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, வேலைக்குப் போகிறாரா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பதே மணிக்கணக்கில் நீளும். மனைவி ஒன்று சொல்வார். மாமியார் வேறு சொல்வார். நோயாளியோ இருவரும் பொய் சொல்வதாகக் கூறுவார். மூன்றையும் தனித்தனியே, யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதவேண்டும். பிறகு வார்டு. குழந்தைகள் பிரிவு, குடிநோயாளர் பிரிவு, மூளைக் காயம் பட்டோர் பிரிவு என்று மாறி மாறிப் போகவேண்டும். சிகிச்சைப் பேச்சைத் தொடங்கிய நோயாளியைப் பாதியில் விடக்கூடாது. மாத்திரையால் குரல்கள் அடங்கிய பின்னும் வீட்டுக்குப் போக அஞ்சும் இளைஞன், ஒரு நாளைக்கு அறுபது தடவை கை கழுவும் பெண், தற்கொலைக்கு முயன்று பிழைத்து வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கும் மாணவன் ஆகியோருடன் வாரக்கணக்கில் அமர்ந்திருக்க வேண்டும். புத்தகத்தில் ஒவ்வொரு நோயும் தனித்தனி அத்தியாயத்தில் இருக்கும். அரசு மருத்துவமனை வரிசையிலோ வறுமை, கடன், சாராயம், காசநோய், காது கேளாமை யாவும் ஒரே ஆளிடம் கலந்து வந்து நிற்கும். இதைப் பிரித்தறியப் பழகுவதற்கு அந்தப் புளியமரத்தடியை விட்டால் வேறு பள்ளிக்கூடம் இல்லை.

நம் நாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. மேல்நாட்டார் கண்டு வியந்தது. நம்மிடத்தில் நோயாளி தனியே வருவதில்லை, குடும்பமே வரும். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடநெருக்கடியைக் கண்டு, வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினரைத் தங்கவைத்தார். உறவினர் அருகிருந்து கவனித்ததால் நோயாளிகள் விரைந்து தேறினர். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 இல் தொடங்கிய நாள்முதல் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. தாயிடமும் தமையனிடமும் பேசக் கற்பது பயிற்சியின் ஒரு பாதி என்றே சொல்லலாம்.

இப்போது அந்தத் தந்தையின் அச்சத்துக்கு வருவோம். அதை நான் இகழவில்லை. எங்கள் இளமையில் எவனையாவது ஏசவேண்டுமானால், "கீழ்ப்பாக்கத்துக்குப் போகவேண்டியவன்" என்போம். 1794 முதல் சென்னையில் மனநோயாளர்களைக் காத்துவரும் ஒரு நிறுவனத்தின் இருப்பிடத்தை வசைச்சொல்லாக்கிய பெருமை நமக்கு உண்டு. மனநோயாளர் எல்லாரும் அடிப்பவர்கள் என்ற எண்ணமும் அப்படி வந்ததே. நான் கண்டவரை, அவர்கள் பிறரை அடித்ததைவிடப் பிறரிடம் அடிபட்டதே அதிகம். பயிற்சி மாணவியரைத் தனியே பூட்டிய வார்டுக்குள் அனுப்புவதில்லை. செவிலியரும் பணியாளரும் உடனிருப்பர். களைப்பு உண்டு. சில நாள் இரவில் உறக்கம் வராது. தான் பேசிக்கொண்டிருந்த நோயாளி திடீரென ஒருநாள் வராமற்போனால், அந்த நாற்காலியைப் பார்த்து மனம் கனக்கும். பெண்ணைப் பெற்றவர்கள் இதை அறிந்தே அனுப்பவேண்டும். மனநோய் தொற்றுநோய் அன்று என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணித்து வைத்திருந்த மனநோயாளர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் ஓட வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தார். மருத்துவமனை என்ற சொல்லுக்கு அஞ்சியவர்கள், அல்லது அருகில் கேட்பதற்கு ஆளில்லாதவர்கள். சமயத்தின் பெயரைப் பார்த்து எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் திருத்தலம் ஒன்றின் கொடிமரத்தடியிலும் காலில் விலங்கோடு கிடந்த ஓர் இளைஞனை நான் சிறுவனாயிருந்தபோது கண்டிருக்கிறேன். எந்த வடிவிலும் சங்கிலியிடுவது கூடாது என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. சட்டம் சங்கிலியை எடுக்கச் சொல்லும். எடுத்தபின் அவனோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் இல்லை. 2015–16 இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை, நோய்க்குத் தக்கபடி, சிகிச்சையே பெறவில்லை எனக் கண்டது. பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் செய்துபார்த்த முறையை ஒட்டி, 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறுகிறது. அதன் குழுவில் மனநோய் மருத்துவருடன் மருத்துவ உளவியலாளருக்கும் இடம் வகுத்திருக்கிறார்கள். வகுத்த இடத்தில் எல்லாம் ஆள் இருக்கிறாரா என்பது வேறு. பயிற்சி முடித்தவர்களில் பலர் பெருநகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். போகிறவர்களை நான் குறைகூற மாட்டேன். ஒப்பந்த வேலையும் தாமதமாக வரும் சம்பளமும் எத்தனை பேரை ஊரில் நிறுத்தும்? ஆயினும் பொதுப்பணத்தில் ஆளை உருவாக்கி, உருவாக்கியபின் உட்கார நாற்காலி கொடாமல் இருப்பது விதை நெல்லை விற்பதற்கு ஒப்பானது என்று அதிகாரிகளிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் சொல்வேன்.

இடையே ஒன்று. உங்கள் வீட்டில் எவருக்கேனும் இப்போதே உதவி வேண்டுமாயின், 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். டெலி மானஸ் என்ற பெயரில் அரசு 2022 அக்டோபர் முதல் நடத்தும் இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். என்னிடமும் வாருங்கள். மன்றாடுவேன், மன்றாடிவிட்டுப் பேருந்துக்கும் அழைத்துப் போவேன்.

அந்தத் தந்தை கடந்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் என்னைக் காண வந்தார். வரன் பற்றி ஏதும் பேசவில்லை. "அங்கே என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள், சுவாமி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது நான் போன மருத்துவமனை அன்று, வேறு ஊர். "நீங்களே ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், ஐயா" என்றேன்.

வியாழக்கிழமை மகளோடு போயிருக்கிறார். மகள் அலுவலகத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க, இவர் புறநோயாளர் வரிசைப் பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் மகனோடு வந்திருந்த அம்மாள் ஒருவர், "நீங்கள் யாரைக் காட்ட வந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சட்டென்று வாய் வரவில்லை. பிறகு, "யாரையும் காட்ட வரவில்லை, அம்மா. என் மகள் இங்கே படிக்க வருகிறாள்" என்றாராம். அந்த அம்மாள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை இருப்பாளா? எங்களுக்கு வியாழக்கிழமைதான் முறை" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் அவள் சேர்கிறாள். விடுதிக்கு வாளி ஒன்றும் பூட்டு இரண்டும் வாங்கவேண்டும் என்று தந்தை பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்.